கறுப்பு ஓரம் போட்ட காயிதம்

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமலே ஓசூரில் மூணு லேத்துப் பட்டறைக்கு முதலாளியானவன் நான். பழைய கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், தீப்பெட்டிப் படம் என்று என்னிடம் இருக்கிற மாதிரி இந்த ஜில்லாவில் யாரிடமும் கிடையாது. ஆனால் நேற்று வாங்கிய பழைய காயிதக் கட்டைப் பிரித்ததும் எழுந்த மை வாசம், நாலுவழி ரோட்டுக்கடியில் புதைந்துபோன எங்கள் குருபரப்பள்ளி வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டது.

சின்ன வயசில் பஸ் நிற்கிற இடத்தில் பொறுக்கிய காயிதங்களை, கிழிந்திருந்தால் சோற்றுக் கஞ்சியில் ஒட்டி, வெயிலில் காயவைத்து, தகரப் பெட்டியில் அடுக்குவேன். அப்படி ஒட்டியெடுத்த, கறுப்பு ஓரம் போட்ட ஒன்றுதான் அதில் ராஜா. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாக அதைத்தான் முதலில் நீட்டினேன்.

மாப்பிள்ளையின் மாமா படித்துவிட்டுக் கையை உதறினார். "ஏம்ப்பா, கருமாதிக் காயிதத்தப் படிச்சதும் கிழிச்சி வெளிய போடுவாங்க. நீங்க ஒட்டி ஊட்டுக்குள்ள வெச்சிருக்கீங்களே!"

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். சம்பந்தம் அதோடு முறிந்தது.

இரவல் சேலையை மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "வுடுடா, நம்ம ஊட்ல ஆருக்குப் படிக்கத் தெரியும்?"

அதற்குப் பதில் அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.