சுவர் காயும்வரை

இத்தாலியத் துறைமுக நகரொன்றின் அந்தக் கட்டடத்தில் அதுவரை ஹீட்டர் செலவு வாடகைக்குள் அடங்கியிருந்தது. 2017 குளிர்காலத்தோடு அது போயிற்று. ஒவ்வொரு ஹீட்டரிலும் ஒரு சின்ன மீட்டர் ஏறியது. எரிக்கிறவர்களே கட்டட்டும் என்று வீட்டுக்காரச் சிஞ்ஞோரா சொல்லிவிட்டாள்.

மூன்றாம் மாடி அருள்நாயகி யோசிக்கவேயில்லை. எல்லா ஹீட்டரையும் இறுக்கி மூடினாள். போருக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவள், பகலெல்லாம் மற்றவர் வீட்டுத் தரை துடைப்பவள். இரண்டு ஸ்வெட்டரில் தீர்கிற குளிருக்குக் காசு கட்டுவதாவது. உள்ளிருக்கும் சூடும் போய்விடாதபடி யன்னல்களையும் சாத்தினாள். சோறு உள்ளே வெந்தது. ஈர உடுப்பு உள்ளே காய்ந்தது.

தை பிறந்தபோது படுக்கையறைச் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது.

வேறு வருடமென்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இந்த வருடம் ஊரிலிருந்த கணவன் நகுலேஸ்வரனை அழைக்க மனுப் போட்டிருந்தாள். அதற்கு, வீடு குடும்பம் வாழத் தக்கதென்று நகரசபை சான்று தரவேண்டும். பார்க்க ஆள் வரும் நாளும் குறித்தாயிற்று. வேறு வீட்டுக்கு ஓடினால் புது விலாசம், மனு முதலிலிருந்து.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மேல்மாடிப் பேனாட் வந்து சுவரைத் தடவிப் பார்த்தான். பெயின்ற் அடித்து மறைக்கலாமா என்று கேட்டாள்.

"ஒரு கிழமை வெள்ளையாயிருக்கும் அக்கா. பிறகு புது மாப்பிள்ளை மாதிரிக் குணத்தைக் காட்டும். ஹீட்டரைத் திறவுங்கோ, சுவர் காயட்டும்."

திறந்தால் கட்டக் கையில் ஒன்றுமில்லை. சிஞ்ஞோராவிடம் போய், ஈரம் சுவரின் குறையென்று தெரிந்த இத்தாலிய மொழியில் வாதாடினாள். சிஞ்ஞோரா கோபப்படவில்லை. யன்னலைச் சாத்தியது நீ என்றாள். பிறகு, ஹீட்டர் கட்டணத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், பதிலுக்கு அருள்நாயகி தினமும் வேலைக்குப் போகுமுன் மாடிப்படி முழுவதையும் கழுவட்டும் என்றும் சொன்னாள். எத்தனை நாளைக்கு? இந்த வீட்டில் இருக்கும்வரை.

அருள்நாயகி தலையாட்டினாள்.

ஹீட்டர்கள் கொதித்தன. சுவர் காய்ந்தது, பேனாட் பெயின்ற் அடித்தான், பார்க்க வந்தவர் சரியென்று எழுதிக்கொண்டு போனார்.

செய்தி கேட்ட நகுலேஸ்வரனின் குரல் போனில் துள்ளியது. "நான் வந்தவுடனை வேறை வீடு பாப்பம். கடற்கரைப் பக்கமா."

அவன் வந்தபின் எடுக்கும் விசாவும் இதே விலாசத்தில்தான் தொங்கும் என்பதை அவள் சொல்லவில்லை.

"முதல் வாங்கோ அப்பா," என்றாள். "இஞ்சை கழுவப் படி நிறையக் கிடக்கு. ரெண்டு பேரெண்டால் கெதியா முடியும்."