விரித்து எழுதிய இனிஷியல்

அந்த ஓட்டலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். போனில் எழுதியும் வைத்துவிட்டேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ரஜாய் என்று தருகிற மெத்தை போன்ற போர்வையில் ஈர வாடை. வெந்நீர் காலையில் ஒரே ஒரு வாளி, அதுவும் படியிறங்கிப் போய்க் கத்தினால்தான் வரும். ஜன்னலில் ஒரு கண்ணாடி கிடையாது, அந்த இடத்தில் செய்தித்தாளை மடித்துச் சொருகியிருக்கிறார்கள். மேனேஜரிடம் எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா" என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். ஒன்றும் ஆகாது. சிக்னல் கிடைத்தால் அனுப்பியிருப்பேன், அந்த ஊரில் என் போனுக்குச் சிக்னலும் இல்லை.

நான் லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, அப்பா தவறி நாலு வருஷம். பனிமலையில் இருக்கும் பெருமாளை ஒரு தடவை சேவித்துவிட வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். லீவு போட்டு, திருச்சியிலிருந்து கிளம்பிய ஒரு யாத்திரைக் குழுவில் இரண்டு பேருமாகச் சேர்ந்துகொண்டோம். கோயிலுக்கு இன்னும் அரைநாள் பயணம் இருக்கும்போது, இந்த ஊரில் அம்மாவுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. "நீங்க ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க மாமி, இறங்கி வர்றப்ப கூட்டிக்கிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் குழு மேலே போய்விட்டது.

பஸ் வளைவு திரும்பியதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேர் இடித்துத் தள்ளினாலும் பயப்படாதவள் நான். இங்கே கடைவீதியில் மொத்தமே இருபது பேர் இருப்பார்கள், ஒருவர் பேசுவதும் எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு மாமியிடம் ஹிந்தி படித்துப் பரீட்சைகூடத் தேறியிருக்கிறேன். எழுதச் சொன்னால் கட்டுரை எழுதுவேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

ஆறு வேறு. எனக்குத் தெரிந்த காவிரி பேசாமல் போகும், கொள்ளிடத்தில் பாதி நாள் மணல்தான். ஓட்டலுக்குப் பின்னால் போன அந்த ஆறு ஒரு நிமிஷம்கூட வாயை மூடவில்லை. அம்மா மூச்சு விடுகிறாளா என்று காதை மூக்கருகே கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தது.

வெங்காயம், பூண்டு பட்ட பாத்திரத்தில் சமைத்ததை அம்மா தொடமாட்டாள். அதனால் ஊரிலிருந்து சின்ன எலெக்ட்ரிக் குக்கரைத் துணியில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். முதல் நாள் அதைச் சொருகியதும் கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மேனேஜர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். ஐம்பது வயது இருக்கும், கம்பளித் தொப்பி, சிரிப்பில்லாத முகம். குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை ஆட்டி ஏதோ சொன்னார். நானும் விடவில்லை, வெந்நீர் வராததையும் ஜன்னலையும் சேர்த்துத் தமிழிலேயே திட்டினேன். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, அம்மா கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தாள். இருமல் மருந்தும் தயிரும் வாங்கிவரக் கிளம்பினேன்.

"நீ போயிட்டு வாடி. நான் சித்த கண்ணை மூடிண்டு படுத்துண்டிருக்கேன்" என்றாள் அம்மா. "கதவை வெளியில பூட்டாதே, எனக்குப் பயமா இருக்கும்."

பூட்டாமல்தான் போனேன். மருந்துக்கடை திறக்க நேரமாகிவிட்டது. தயிருக்கு இன்னொரு மேடு ஏற வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அறைக்கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. ரஜாய் பாதி தரையில் கிடந்தது. பாத்ரூமில் இல்லை. செருப்பும் இல்லை. அம்மாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் தலையணைமேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அம்மா நாலு எட்டு வைக்கமாட்டாள்.

அம்மா, அம்மா என்று படிக்கட்டு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். கீழே மேனேஜர் இல்லை. தரை துடைக்கும் ஒரு பெண்மணி மட்டும் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக என்னவோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது 'அஸ்பதால்' என்ற ஒரு வார்த்தைதான். ஆஸ்பத்திரி. தயிர்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

மேட்டுக்கு மேலே தகரக் கூரை போட்ட சின்ன ஆஸ்பத்திரி. வாசலில் மேஜை போட்டு ஒருவர் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். விரலை வைத்துக் கீழ்வரை பார்த்தார். அப்படி யாரும் இல்லை என்றார். இன்னொரு தடவை சொன்னேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இல்லை. காலையில் வந்தது மூன்றே பேர்தான் என்று அவரே படித்துக் காட்டினார். கால் உடைந்த ஒரு டிரைவர். பிரசவத்துக்கு ஒரு பெண். மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார்.

அது என் அப்பாவின் பெயர்.

வடக்கே தெருவுக்கு ஒருவருக்கு இருக்கக்கூடிய சாமி பெயர்தான் அது. ஆனாலும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்பா இல்லாத இந்த நாலு வருஷத்தில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்கவில்லை. "அது என் பிதாஜி பெயர்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் உளறினேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "பிதாஜியா? உள்ளேதான் இருக்கார், போய்ப் பாருங்க" என்கிற மாதிரி நடையைக் காட்டினார்.

"இல்லை, அவர் செத்துப்போயிட்டார்" என்றேன். அதற்கான ஹிந்தி மட்டும் தப்பில்லாமல் வந்தது.

அவர் எழுந்தே விட்டார். என்னைச் சமாதானப்படுத்தக் கையைக் காட்டி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நஹீ, நஹீ. ஸிந்தா ஹை." இல்லை, உயிரோடுதான் இருக்கிறார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம்.

அந்த நடையின் கடைசியில் பச்சைத் திரை ஒன்று தொங்கியது. பத்தடி தூரம்கூட இருக்காது. போய் விலக்கிப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அப்பா உள்ளே படுத்திருப்பாரோ என்று பயந்துவிட்டேன். படித்தவள், கணக்கு டீச்சர், தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்களை என் கையாலேயே மூடிவிட்டவள். எல்லாம் தெரிந்தும் கால் நகரவில்லை. இந்த ஆள் என்னைக் கேலி செய்கிறார் என்று மனசுக்குள் ஒரு கோபத்தை வலிய வரவழைத்துக்கொண்டு, திரும்பி வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் செய்ததெல்லாம் வீண் அலைச்சல். ஆற்றங்கரைப் படிகளுக்குப் போனேன். கண்ணாடி இல்லாமல் இறங்கியிருப்பாளோ என்று தண்ணீரைப் பார்த்தேன். ஒவ்வொரு பாறையும் அம்மாவின் புடவை மாதிரித் தெரிந்தது. ஒரு டீக்கடைக்காரரிடம் போனிலிருந்த போட்டோவைக் காட்டினேன், உதட்டைப் பிதுக்கினார். சொந்தத்தில் யாருக்கு எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன். பெருமாளைச் சேவிக்க அழைத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்தாள் என்று பேசுவார்கள். பேசட்டும், அம்மா கிடைத்தால் போதும் என்று வாய்விட்டே அழுதேன்.

ஓட்டல் வாசலுக்குத் திரும்பியபோது மேனேஜர் படியில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லை, சட்டை முதுகெல்லாம் வேர்வை. அவர் கையில் அம்மாவின் செருப்பு.

என்னைப் பார்த்ததும் கத்தினார். எங்கே போனாய், கடைவீதி முழுக்கத் தேடினேன் என்கிறார் என்பது புரிந்தது. நான் செருப்பையே பார்த்தேன். அவர் கத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாக, ஹிந்தியும் கையுமாகச் சொன்னார். நான் போன கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சு முட்டிக் கதவுவரை வந்து விழுந்திருக்கிறாள். தரை துடைக்கிற பெண்மணி பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். மேனேஜர் அம்மாவை முதுகில் சுமந்து மூன்று மாடியும் இறங்கி, மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"அங்கே பார்த்தேன், பேர் இல்லையே" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து அறை எடுக்கும்போது நான் கொடுத்த ஆதார் நகலை எடுத்துப் பிரித்தார். அம்மாவின் போட்டோ. பக்கத்தில் இரண்டு பெயர்கள். முதல் பெயரில் விரலை வைத்தார். இதைத்தானே எழுதினேன் என்கிற பார்வை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செய்ததே நான்தான். அப்பா தவறிய பிறகு, பென்ஷன் அம்மாவுக்கு மாற ஆதாரில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் இ-சேவை மையத்துப் பெண், "சார் பேரை முன்னாடி போடவா, பின்னாடி போடவா மேடம்?" என்று கேட்டாள். "இனிஷியல்னா முன்னாடிதானேம்மா வரும், முன்னாடியே போடுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். வடக்கே முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். பின்னால் வருவது குடும்பத்துப் பெயர், அதை எழுதினாலும் எழுதுவார்கள், விட்டாலும் விடுவார்கள்.

மறுபடியும் மேட்டுக்கு ஓடினேன். பச்சைத் திரைக்குப் பின்னால் முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு அம்மா சுருண்டு படுத்திருந்தாள். என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. டாக்டர் சின்னப் பெண், இங்கிலீஷ் பேசினாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இந்த உயரமும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்று ராத்திரி தாண்டிவிட்டால் கீழே அழைத்துப் போகலாம் என்றாள். தாண்டிவிட்டால் என்ற சொல்லை நான் மனசில் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அம்மா மூடியை விலக்கிக்கொண்டு பேசினாள். "காலம்பரேந்து உங்கப்பாவையே கூப்பிட்டுண்டிருக்காடி. நர்ஸ் வரச்சே எல்லாம் அவர் பேரைச் சொல்றா. அது என் பேரில்லைன்னு சொல்லணும்னா, அது யார் பேருன்னு சொல்லணுமோல்லியோ? நான் எப்படிச் சொல்வேன். கையை மட்டும் தூக்கினேன்."

அம்மா ஒரு நாளும் அப்பாவின் பெயரை உச்சரித்தவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வாள். மூச்சு நிற்கப்போகிற நேரத்திலும் அந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான் போய் மாத்திட்டு வரேன்" என்றேன்.

"இருக்கட்டுமேடி. மாத்தாதே."

"பேசாம இரும்மா."

நான் கேட்கவில்லை. என் பயம் எனக்கு. அந்தப் பெயரில் ஒரு மரணச் சான்றிதழ் ஏற்கெனவே எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. இன்னொன்று வாங்க எனக்குத் தெம்பில்லை. வாசல் மேஜைக்குப் போய், பக்கத்தில் நின்று, பதிவேட்டில் அப்பாவின் பெயரை அடித்து அம்மாவின் பெயரை எழுதவைத்தேன். கட்டிலில் தொங்கிய அட்டையிலும் மாற்றச் சொன்னேன்.

சாயங்காலம் வெயில் இறங்கும் முன்னால் நர்ஸ் ஊசியோடு வந்தாள். அட்டையைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா கண் மூடியிருந்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டாள். இமைகூட ஆடவில்லை. நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அம்மா என்று கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்மா, அம்மா, அம்மா. ஒன்றும் இல்லை.

அப்புறம் என்ன நினைத்தேனோ தெரியாது. பெற்ற அப்பாவின் பெயரை, சார் என்றோ அப்பா என்றோ ஒட்டு எதுவும் இல்லாமல், மொட்டையாக, அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் கூப்பிட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தாள்.