இரண்டு லோரித் தேங்காய்

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை ரதம் எங்கள் பழைய தெருவைக் கடக்கும்போது தேங்காய் உடைப்பது எங்கள் குழுவின் வேலை. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டிய அந்தத் தெருவில் ஒன்றாக வளர்ந்து, வாடகை ஏற ஏற ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போய்விட்ட சில கூட்டாளிகள். வருடத்துக்கு ஒருமுறை கூடி, சாலையோரம் தேங்காயை மலைபோல் குவித்து, இடுப்பு பிடித்துக்கொள்ளும்வரை உடைத்துவிட்டு, அடுத்த வாரம் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொள்வோம். எல்லாரும் கையால் உடைப்பார்கள். நான் பெரும்பாலும் வாயால் உடைப்பேன்.

தேங்காய் எப்போதும் எங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நான் அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். ஒரு போன் போட்டால் லோரி வந்து நிற்கும். இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் இந்த வருடம் நானே மண் அள்ளிப் போட்டேன்.

தேநீர்க் கடையில் குழு கூடியபோது திடீரென்று எனக்குத் தீவுப்பற்று பொங்கியது. அந்த வாரம்தான் எங்கள் வாட்சப் குழுவில் 'உள்ளூர்க் கடையில் வாங்குவோம்' என்று யாரோ அனுப்பிய படத்தை ஏழெட்டுப் பேருக்குத் தள்ளிவிட்டிருந்தேன். தள்ளிவிட்டதை உழைப்பென்று நினைத்துக்கொள்ளும் சாதி நான். எழுந்து நின்றே பேசிவிட்டேன்.

"நம்ம தீவுல தென்னை மரம் இல்லையா? நம்ம ஆளுங்க கடை வைக்கலையா? சாமி இந்தப் பக்கம் இருக்காரு, தேங்காய் மட்டும் எதுக்குப் பாலம் ஏறி வரணும்?"

பக்கத்துத் தெருக் குழுவின் தலைவரும் அன்று வந்திருந்தார். காசு மாற்றும் கடை வைத்திருப்பவர், எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்புகிறவர். "நீ முதல்ல வாங்கிப் பாரு லா. சரியா வந்துச்சுன்னா, சித்ரா பௌர்ணமிக்கு எங்க ஆர்டரையும் அங்கயே குடுத்துடறேன்," என்றார்.

'அங்கே' என்று அவர் சொன்னது, நான் அன்று சிபாரிசு செய்திருந்த ஆயர் ஈத்தாம் மார்க்கெட் ஓரத்துச் சின்னக் கடையை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு முக்குத் தள்ளி. தேங்காய் துருவிக் கொடுப்பது, பால் பிழிந்து கொடுப்பது, அவ்வளவுதான் வியாபாரம். நடத்துகிறவர் என்னைவிட இளையவர். ஆனாலும் மார்க்கெட்டில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு நான் அண்ணன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

நான் ஆர்டரைச் சொன்னதும் அக்கா துருவும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"லோரி நிறையவா? நான் அவ்வளவு பெருசா செஞ்சதே இல்லையேண்ணே."

"எல்லாத்துக்கும் முதல் தடவைன்னு ஒன்னு இருக்குல்ல? நான் இருக்கேன்க்கா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பாக்கெட்டுல தேங்காய்ப்பால் வந்ததுக்கப்புறம் காலையில கொஞ்ச நேரம்தாண்ணே ஆளு வருது. மிச்ச நேரம் நானும் மெஷினும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். இது நல்லபடியா முடிஞ்சா நாலு சாமி காரியம் கிடைக்கும், கடை நிக்கும். இல்லன்னா கடைய எடுத்துட்டு உங்க பேக்டரிக்கு வந்துற வேண்டியதுதான்."

"அங்க வராதீங்க. பூரா என்னை மாதிரி ஆளுங்க," என்றேன். சிரித்தார். ஒத்துக்கொண்டார்.

இதுவரை நான் நல்ல மனிதன்.

ரதத்துக்கு நான்கு நாள் முன்பு காலை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன், அக்கா கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. சரி, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் இறங்கியிருந்தது. போன் போட்டேன். மணி அடிக்காமலே ஒரு பெண் குரல் மலாய்மொழியில் மிக மரியாதையாக, நீங்கள் அழைத்தவரைத் தொடர்புகொள்ள முடியாது என்றது. அந்த மரியாதைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

என் பயம் மற்றவர்கள் பயம்போல் படிப்படியாக ஏறாது. நேரே மொட்டை மாடிக்குப் போய்விடும். காரில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்துவிட்டேன். ரதம் எங்கள் தெருவுக்கு வருகிறது. நாதஸ்வரம் ஓங்குகிறது. சாலையோரம் மொட்டையாகக் கிடக்கிறது. என் கூட்டாளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள். முருகன் ரதத்திலிருந்து எட்டிப் பார்த்து, "தீவுத் தேங்காய் எங்கடா?" என்று கேட்கிறார். கூட்டம் மொத்தமாக என் பக்கம் திரும்புகிறது.

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பக்கத்துக் கடையில இறங்கிக் கேட்டீங்களா?"

"அங்க காடி நிப்பாட்ட இடமே இல்ல."

"இருவது வருசமா அந்த மார்க்கெட்டுல இடம் இல்லதான். நான் வாரா வாரம் காய்கறி வாங்கிட்டுதான் வரேன்."

"உனக்குப் புரியாது. இது சாமி காரியம்."

"சாமிக்குப் புரிஞ்சா சரி."

மறுநாள் தொழிற்சாலைக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, புக்கிட் தெங்காப் பெரியவருக்குப் போன் போட்டேன். வழக்கம்போல ஒரு லோரி, முழு லோரி.

"ஏன் தம்பி குசுகுசுன்னு பேசுறே?"

"தொண்டை கட்டுங்க."

"இந்த வருசம் தீவுலயே வாங்குறதா சொன்னாங்களே."

"யாரோ சும்மா பேசியிருப்பாங்க," என்றேன். பேசிய யாரோ பக்கத்துக் கழிவறையில் யாரும் இல்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார். "அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் லோரி தெருவுக்கு வந்துரும். நானே கூட வரேன்." குரல் களைத்திருந்தது, ஆனால் அதில் ஒரு துள்ளல் இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, அதே வேகத்தில் பெரியவரை அழைத்து வேண்டாமென்றேன்.

"அது ஆகாது தம்பி. சாமிக்குன்னு சொல்லி, சூடம் காட்டி ஏத்திட்டேன். இனிமே அத இறக்கிச் சம்பலுக்கு விக்க முடியுமா? உன் சாமிக்கு நேந்தது உன் தெருவுலதான் உடையணும்."

இதற்கு மறுபேச்சு எங்களிடம் கிடையாது. சாமி பேரில் ஏற்றியதைத் திருப்பி அனுப்ப எங்கள் குழுவில் எவனுக்கும் துணிச்சல் வராது, எனக்கு அறவே வராது. "அப்ப கொஞ்சம் இருட்டினதுக்கப்புறம் வாங்க," என்று கெஞ்சினேன். அதற்குள் அக்கா இறக்கிவிட்டுப் போயிருப்பார் என்பது என் கணக்கு.

பெரியவர் நெரிசலுக்குப் பயந்து வெளிச்சத்திலேயே வந்துவிட்டார். அக்காவின் லோரியில் பாதிகூட இறக்கவில்லை. நான் தெருமுனைக்கு ஓடி, கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன்: ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். திருவிழாவுக்காகப் பாதித் தெருக்களை அடைத்து, மீதியை ஒரு வழியாக்கியிருந்தார்கள். எங்கே திருப்பினாலும் சாலை அந்த லோரியை எங்கள் தெருவுக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஒவ்வொரு முறையும் நான் கையைச் சுழற்றினேன். அவரும் பொறுமையாகச் சுற்றினார். நவக்கிரகத்தைக்கூட யாரும் அப்படிச் சுற்றியிருக்கமாட்டார்கள்.

அக்கா ஒவ்வொரு தேங்காயாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "யாருண்ணே அது, நம்ம தெருவையே சுத்திக்கிட்டு?"

"வழி தெரியாதவர் போல."

கடைசியில் பெரியவர் அக்காவின் லோரிக்குப் பின்னால் தன் லோரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "தம்பி, எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது. உன் தேங்காயை எங்கதான் இறக்குறது?"

அந்த நேரம் பார்த்து, தேங்காய் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பக்கத்துத் தெருத் தலைவரும் வந்து நின்றார். இரண்டு லோரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

இந்த இடத்தில் ஒரு வரி போதும். 'நான் பயந்தாங்கொள்ளி, அக்கா மேல் தப்பே இல்லை.' அவ்வளவுதான். அந்த வரி தொண்டைவரை வந்தது. ஆனால் சுற்றிலும் கூட்டாளிகள், எல்லார் கண்ணும் என்மேல். கூட்டம் என்னைப் பார்த்தால் என் வாய் என்னைக் கேட்பதில்லை.

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடிட்டா என்ன செய்வீங்க? அதான் மாப்பிள்ளையோட தம்பி ஒருத்தரையும் உக்காத்தி வச்சிருக்கோம்."

தெரு அதிரச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவின் குவியலைப் பார்த்து, "அப்ப இது ஓடிப்போற மாப்பிள்ளையா?" என்றார். இன்னொரு சிரிப்பு. பிறகு பெரியவரிடம் திரும்பி, "சித்ரா பௌர்ணமிக்கு ஒரு லோரி வேணும், உங்க போன் நம்பர் சொல்லுங்க," என்றார்.

அக்கா அடுக்குவதை நிறுத்தவில்லை. தேங்காய் கையிலிருந்து குவியலுக்குப் போவது மட்டும் கொஞ்சம் மெதுவானது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "எனக்கு கமிஷன் மறந்துடாதீங்க," என்றது அது.

தலைவர் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்தார். கைகளில் நார் குத்திய கீறல்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"கடை சாத்தியிருந்துச்சு. போனும் போகல."

"பாலிக் புலாவ் பக்கம் தோட்டந் தோட்டமா போயிக்கிட்டு இருந்தேன். தீவுத் தேங்காதான் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரே இடத்துல அவ்வளவு கிடைக்கல. மலைக்கு அந்தப்புறம் சில தோட்டத்துல போன் லைனும் கிடைக்காது." கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார். "பக்கத்து மீன் கடை சீனப் பெரியவரு, அந்த அப்பேக்கிட்ட சொல்லிட்டுதான் போனேன். யாராவது கேட்டா சொல்லச் சொல்லி."

யாராவது என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை. என் ஆர்டருக்காகத்தான் அவர் கடையை மூடியிருந்தார். மூடிய கடையைப் பார்த்துத்தான் நான் அவரைக் கைவிட்டிருந்தேன். உள்ளூர் வியாபாரத்துக்கு என் ஆதரவு, காரின் கண்ணாடியை இறக்கிப் பார்க்கும் தூரம்வரைதான்.

மறுநாள் காலை ரதம் வந்தது. எங்கள் தெருவில் அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்குத் தேங்காய். கூட்டாளிகள் கொண்டாடினார்கள். எது பாலம் ஏறி வந்தது, எது மலை இறங்கி வந்தது என்று உடைந்த பிறகு யாருக்குத் தெரியும்? நானும் உடைத்தேன். ஒருவன் என் முதுகில் தட்டி, "ரெண்டு மாப்பிள்ளையும் சூப்பர்டா," என்றான். தேங்காய்த் தண்ணீர் முகத்தில் தெறித்திருந்தது, அதனால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை.

திருவிழா முடிந்ததும் தலைவருக்குப் போன் போட்டேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், கழிவறை உட்பட. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒன்னும் இல்ல. அக்கா தேங்காயில ஒரு குறையும் இல்ல. பயந்தது நான்."

"சரி, சரி. அப்புறம்?"

நகைச்சுவையின் கடைசி வரிக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்படியொரு பெயரை நானே முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் உண்மை பேசினால் அதை முன்னுரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வேறு வழியில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வாங்கித் தருகிறேன் என்று அவரை ஆயர் ஈத்தாமுக்கு வரவழைத்தேன். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் இருவரும் நடந்தோம். அவர் வழியெல்லாம் முனகினார். கடையில் அக்கா ஒரு அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கடை ஏன் மூடியிருந்தது, நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், தெருவில் என்ன உளறினேன். தலைவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"அவரு விளையாடல," என்றார் அக்கா. தலை நிமிரவில்லை. "நடந்தது அதுதான்."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. என் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். அக்காவையும் கடையையும் பார்த்தார். பிறகு வியாபாரிக்கு வியாபாரி பேசும் குரலில் கேட்டார்: "சித்ரா பௌர்ணமிக்கு நீங்க செஞ்சு தர முடியுமா? அந்தப் பெரியவர்கிட்ட இன்னும் உறுதியா சொல்லல."

எல்லாம் சரியாகிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு அசடு குதித்தது.

அக்கா துருவலைப் பையில் போட்டு, முடிச்சிட்டு, அந்த அம்மாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பதில் சொன்னார்.

"யோசிச்சுதாங்க சொல்லணும். பெரிய ஆர்டர்னா நான் கடையச் சாத்திட்டுத் தோட்டத்துக்குப் போகணும். கடையச் சாத்தினா சில பேரு பயந்துடறாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, மற்ற வாடிக்கையாளர்களைக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"உங்களுக்கு என்ன சார் வேணும்?"

ஒரு தேங்காய் துருவித் தரச் சொன்னேன். வரிசையில் பின்னால் போய் நிற்கச் சொன்னார். போய் நின்றேன்.