சிறந்த தடுப்பாட்டக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைக்காலில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மண்டபத்தில் கால்பந்து வீரர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. ஒரு காலத்தில் கல்லூரிகளுக்காக ஆடி, இப்போது கடை, வேலை என்று இருக்கும் சிலர் சேர்ந்து அதை ஏற்பாடு செய்திருந்தார்கள். முந்தைய சீசனில் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் ஆடிய ஆட்டங்களை எல்லாம் பார்த்து, மிகச் சிறந்த பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் சிறந்த தடுப்பாட்டக்காரர் நான்.

அழைப்புக் கடிதம் வந்த அன்று என் அம்மா அதைத் தருமபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் காட்டினார். விழாவுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். அப்பா வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டார். "வீட்டு ஆளுங்களுக்கு இடம் இல்லையாம்மா, பிளேயர்ஸ் மட்டும்தானாம்" என்று பொய் சொன்னேன். எனக்கே போகப் பிடிக்கவில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

காரணம், முந்தைய வருடத்து அரையிறுதி. மழை விட்ட மறுநாள். மைதானம் சொதசொதவென்று இருந்தது. எதிர் கல்லூரி அணியில் வலது ஓரத்தில் ஆடியவன் திருமலைராயன்பட்டினத்துப் பையன். ஒல்லியாக இருப்பான், ஆனால் பந்து அவன் காலில் இருந்தால் நமக்குப் பதற்றம் வந்துவிடும். முதல் பாதியில் ஒரு முறை என் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்துவிட்டான். ஓரத்தில் நின்ற கூட்டம் சிரித்தது. இரண்டாவது பாதியில் அதையே மறுபடி செய்தான். இந்த முறை என் வகுப்பு நண்பர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குள் என்னவோ செய்துவிட்டது. மூன்றாவது முறை அவன் என்னை நோக்கி வந்தபோது, பந்து அவன் காலைவிட்டு ஒரு அடி தள்ளிப் போயிருந்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. நான் பந்துக்குப் போகவில்லை. அவன் காலுக்குப் போனேன்.

சத்தம் கேட்டது. அதை எழுத விருப்பமில்லை.

ரெஃபரி எங்களுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தார். மஞ்சள் அட்டை காட்டினார். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது, நாங்கள் ஜெயித்தோம், இறுதியாட்டத்திலும் ஜெயித்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது, தஞ்சாவூரில் ஆபரேஷன் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் அணியினர் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம் "பந்துக்குத்தான் போனேன், தரை வழுக்கிடுச்சு" என்றேன். பெரிய வெள்ளிக்கு முன் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அம்மாவிடம் கத்தியது, தேர்வில் பார்த்து எழுதியது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பதினொரு பேர் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. சிறந்த முன்கள வீரர்.

விழாவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், பின்வரிசையில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். மண்டபம் மாடியில் இருந்தது. கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கறுப்பு புர்கா அணிந்த ஓர் அம்மா இறங்கினார். பிறகு ஒரு ஊன்றுகோல் வெளியே நீண்டது. அதன் பின்னால் அவன்.

எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஊன்றுகோலா என்று திகைத்து நின்றேன். அந்த அம்மா படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். செங்குத்தான, குறுகலான படிகள். பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"தம்பி, கொஞ்சம் வந்து கை கொடுங்களேன். இவனால தனியா ஏற முடியாது."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது அவன் கண்ணில் தெரிந்தது. 'இவன் வேண்டாம் உம்மா' என்று சொல்லிவிடுவான் என்று நின்றேன். ஊன்றுகோலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கையை என் தோள்மேல் போட்டான்.

"மெதுவா போ" என்றான். அவ்வளவுதான்.

ஒவ்வொரு படியாக ஏறினோம். அவன் எடை முழுதும் என்மேல் இருந்தது. இடது காலை மட்டும் ஊன்றி, வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொள்வது என் காதருகே கேட்டது. பின்னால் அவன் அம்மா பேசிக்கொண்டே வந்தார்.

"எலும்பு சரியா கூடல தம்பி. போன மாசம் மறுபடி ஆபரேஷன். இவங்க வாப்பா சவுதில இருக்காங்க, லீவு கிடைக்கல. நாந்தான் அலையுறேன்."

அடுத்த படிக்கு அவனைத் தாங்கி ஏற்றினேன்.

"விளையாட்டுல இன்னொரு பிள்ளையோட மோதிக்கிட்டான். தரை ஈரமாம், வழுக்கிடுச்சாம். அந்தப் பிள்ளைக்கும் அடி பட்டிருக்குமேன்னு எனக்கு ஒரே கவலை. யாரைக் கேட்டாலும் தெரியலங்குறாங்க. நீங்களும் ஆடுற பிள்ளைதானே, ஒங்களுக்குத் தெரியுமா? நல்லா இருக்கானா அவன்?"

என் கால் அடுத்த படியில் நின்றுவிட்டது.

"உம்மா, படியப் பாத்து வாங்க" என்றான் அவன். பிறகு என் தோளை லேசாக அழுத்தினான். "ஏறு."

மேலே போனதும் நழுவப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை. தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்கயே உக்காருங்க தம்பி, இறங்கும்போதும் ஒங்களத்தான் கூப்பிடணும்" என்றார். ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் நான், நடுவில் அவர். யாரோ பேசினார்கள், யாரோ கை தட்டினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவன் போனபோது மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. என் முறை வந்தபோது எனக்கும் பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுத்தார்கள். கடைசியில் பதினொரு பேரையும் புகைப்படத்துக்கு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். அவனுக்கு நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சிறப்பு விருந்தினர் என்னிடம் வந்து கை குலுக்கினார். "ஒங்களத் தாண்டி ஒருத்தரும் போக முடியாதாமே தம்பி?"

அவர் நகர்ந்ததும், எனக்கு மட்டும் கேட்கும்படி அவன் சொன்னான்: "நான் ரெண்டு தடவ போனேன்."

திரும்பிப் பார்த்தேன். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை அது. சொல்லப்போனால், அந்த இரண்டு தடவையை நினைத்து வந்த சிரிப்பு. அந்தப் புகைப்படத்தில் பத்து பேர் சிரிப்பார்கள், நான் மட்டும் தலை குனிந்திருப்பேன்.

விழா முடிந்ததும் மறுபடி அவனைத் தாங்கிக் கீழே இறக்கினேன். அவன் அம்மா ஆட்டோவுக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள். அந்தப் பத்து நிமிடமும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போயிருப்பார். எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவன் சொல்லப்போவதில்லை என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் 'நல்லா இருக்கானா அவன்?' என்று கேட்ட ஒருவரின் முன்னால் அப்படி நிற்க முடியவில்லை.

"அம்மா, மோதுன பையன் நான்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீதானா? அல்ஹம்துலில்லாஹ்! அடி ஒண்ணும் படலயே தம்பி?"

"மோதலம்மா. இவன் ரெண்டு தடவ என்னைத் தாண்டிப் போனான். எல்லாரும் சிரிச்சாங்க. ஆத்திரம் வந்துடுச்சு. நான் பந்துக்குப் போகல. காலப் பாத்துத்தான் மிதிச்சேன்."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலேஜ்ல வந்து கேட்டாங்களே, எழுதிக் கொடுன்னு. வழுக்கிடுச்சுன்னுதானே எழுதிக் கொடுத்த?"

"வேற என்ன எழுதச் சொல்றீங்க? உள்ளதை எழுதியிருந்தா இவன ஆட விடாமப் பண்ணியிருப்பாங்க. ரெண்டு பேரும் வெளில உக்காந்து என்ன பண்றது?"

இது எனக்குத் தெரியாது. என்மேல் ஒரு விசாரணை வரவிருந்தது, அவன் எழுதிக் கொடுத்ததால்தான் அது நின்றது என்று அந்த நிமிடத்தில்தான் அறிந்தேன். நான் ஆடிய இறுதியாட்டம், என் கையில் இருந்த ஷீல்டு, என் மேலிருந்த பொன்னாடை எல்லாமே தஞ்சாவூரில் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் எழுதிய அந்தக் காகிதத்தால் கிடைத்தவை.

அவன் அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாலு மாசம் இவன பாத்ரூமுக்கு நாந்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றார். "வளந்த பிள்ளை. வெக்கப்பட்டுக்கிட்டு தண்ணிகூடக் குடிக்க மாட்டான். கோவத்துல மிதிச்சது ஒரு நிமிஷம். அந்த நாலு மாசத்துல ஒரு நாளு வந்து எட்டிப் பாத்திருக்கலாம்ல? ஒரு கை கூட இருந்திருக்கும்ல எனக்கு?"

ஆட்டோ வந்தது. அவனை ஏற்றிவிட நான் கையை நீட்டினேன். "வேணாம், நான் பாத்துக்குறேன்" என்று என் கையை விலக்கிவிட்டு, அவரே மகனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். ஆட்டோ திரும்பிப் போகும்போது அவன் மட்டும் வெளியே தலையை நீட்டிப் பார்த்தான்.

அன்று மதியமே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். மறுநாள் கல்லூரியில் பி.டி. சாரிடம் சொன்னேன். அவர் "இந்த வருஷம் நீ டீம்ல இல்ல" என்றார். அது என் கடைசி வருடம். கல்லூரிக்காக அதன்பிறகு நான் ஆடவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, குறை இல்லை.

அந்த வாரப் புதன்கிழமை திருமலைராயன்பட்டினத்துக்கு விசாரித்துக்கொண்டு போனேன். புதன்கிழமைகளில் காரைக்காலுக்கு பிசியோதெரபிக்குப் போவதாக அவன் விழாவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. கதவைத் திறந்தது அவன் அம்மாதான்.

"எதுக்கு வந்த?"

"பிசியோ மாடியிலயா கீழயான்னு தெரியலம்மா. மாடின்னா, ஏத்திவிடலாம்னு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஒன்னப் பாக்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிசியோ மாடியில்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் போனேன். ஆட்டோவில் மூன்று பேரும் போவோம். நானும் அவனும் ஆட்டங்களைப் பற்றிப் பேசுவோம். எந்தப் பக்கம் போகப்போகிறான் என்பதை நான் ஏன் இரண்டு தடவையும் கண்டுபிடிக்கவில்லை என்று விளக்குவான். "நீ என் மூஞ்சியப் பாக்குற. இடுப்பப் பாக்கணும்" என்பான். அவன் அம்மா வெளியே பார்த்தபடி வருவார். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவன் அம்மா.

"அவன் தங்கச்சி ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க, நான் போவணும். இன்னைக்கு அவன நீயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. இறங்கும்போது பாத்து. வலது காலு."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது அவன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். வேகமாக ஓட முடியாது. அந்த ஓட்டம் திரும்பவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் சிலர் சும்மா ஆடுவோம். அவன் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பான். ஆட்டத்தில் அவனும் நானும் எப்போதும் ஒரே பக்கம்தான். அப்படித்தான் வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை.

அவன் அம்மா என்னை மன்னித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. பெருநாளைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார், நான் வரத் தாமதமானால் ஏன் என்று கேட்கிறார். சில நேரம் மகன் படியில் தடுமாறும்போது அவர் பார்வை ஒரு கணம் என்மேல் வந்து போவதையும் பார்க்கிறேன். அந்தப் பார்வையும் எனக்கு உரியதுதான் என்று தாங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறேன். யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்கும் அடிபட்டிருக்குமோ என்று எட்டு மாதம் கவலைப்பட்ட அந்த மனசுக்கு முன்னால் ஒரு முறையாவது உண்மையைச் சொன்னேனே என்பதுதான், என்னை நானே இன்னும் கொஞ்சம் மதிப்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே காரணம்.