ஒரு நூல் வெளியே நின்ற திருகு

டேப் அக்கா வருகிறாள் என்றால் அந்தத் தையல் கூடத்தில் தைத்ததை இன்னொரு தரம் திருப்பிப் பார்க்காத ஆளே கிடையாது. கழுத்தில் மாலை மாதிரி இஞ்ச் டேப். இடது மணிக்கட்டில் ஒரு காந்தப் பட்டை, அதில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் குண்டூசிகள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைக்கிற இடம் அது, மேற்பார்வை அவள்தான். காலர் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இறங்கியிருந்தால் போதும், சட்டை பறந்து வந்து தைத்தவரின் மடியில் விழும். அந்தப் பட்டப்பெயரை முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

"தப்பு பண்ணலாம். மறைச்சுத் தைக்கக் கூடாது." இது அவள் சட்டம். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள், பத்து வருஷத்து ஆள். ஒருநாள் காஜாவை நீளமாக வெட்டிவிட்டு, வாய் பிளந்த இடத்தை அடியில் ஒட்டுத்துணி வைத்துப் பொத்திவிட்டாள். டேப் அக்கா கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? காலையில் கண்டுபிடித்தாள், கையோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டாள். காஜாக்காரி சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஊருக்கெல்லாம் சிம்மசொப்பனமாக இருந்தவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் கூடத்துக்குக் காவல் இருந்தாயிற்று. கல்யாணப் பேச்சு வரும், போகும். அவளுக்கு நாற்பத்தெட்டு ஆனதும் அதுவே அலுத்து நின்றுவிட்டது. நூலும் பொத்தானும் மொத்த வியாபாரம் செய்து காலூன்றிய அவள் தம்பி, இப்போது சொந்தமாக நாற்பது மிஷின் போட்டு ஒரு கூடம் திறக்கப் போகிறான். அதன் சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. தம்பி பொண்டாட்டிக்கு அதைத் தன் சித்தப்பா மகனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை, நிர்வாகம் படித்தவனாம். தம்பியோ "லீவு முடியட்டும்க்கா, சொல்றேன்" என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தான். வெட்டுமேசை எந்த ஜன்னலோரம், காஜா மிஷின் எந்த மூலை என்று அவள் மனசுக்குள் கூடத்தையே போட்டு முடித்திருந்தாள். வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அந்த லீவுக்குத் தீவுக்குப் போகலாம், நீயும் வா என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். விமான நிலையத்தில்தான் ஆரம்பித்தது. தம்பிக்கு வாட்ச் பைத்தியம். சூதாட்டம் இல்லை, குடி இல்லை, இது ஒன்றுதான் என்று அவன் பொண்டாட்டியே மன்னித்துவிட்ட பைத்தியம். மூன்று வாட்ச் கொண்டுவந்திருந்தான், மூன்றும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிற ரகம். ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் கட்டிக்கொண்டு, மூன்றாவதை அக்காவிடம் நீட்டினான்.

"இதெல்லாம் பேட்டரி கிடையாதுக்கா. கை ஆடினாத்தான் ஓடும், பெட்டில போட்டா நின்னுடும். உன் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நீ கட்டிக்கோ."

"விலையைச் சொல்லிக் குடுங்க," என்றாள் பொண்டாட்டி. "அண்ணிக்கு இந்த மாதிரிப் பொருளெல்லாம் கையாண்டு பழக்கமில்ல. பொறுப்புன்னா அதுவும்தான்."

தம்பி காதோடு சொன்னான். புதுக் கூடத்துக்கு வேண்டிய மிஷினில் பாதியை அந்த விலைக்கு வாங்கிவிடலாம். டேப் அக்கா கையை நீட்டினாள். பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வாட்ச்சைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் சாவி, இல்லையென்றால் இல்லை. அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லைதான்.

போய் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலமே பொண்டாட்டி ஒரு நீள கவுனோடு அவள் அறைக்கு வந்தாள். "அண்ணி, இது கீழ இடிக்குது. ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுக்கறீங்களா?"

பல் துலக்கும் பிரஷ்ஷை மறந்தாலும் காந்தப் பட்டையை மறக்கிற ஆள் இல்லை டேப் அக்கா. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, வழக்கம்போல் இடது கையில், வாட்ச்சுக்கு மேலே ஒட்டினாற்போல் கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. ஊசி மாற்றி ஊசி எடுத்துக் குத்தி, விளிம்பு மடித்துத் தைத்து முடித்தாள். வந்த இடத்தில் தன் வேலைக்கும் ஒரு மரியாதை கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. படுக்கும்போது வாட்ச்சையும் பட்டையையும் சேர்த்துக் கழற்றி ஒன்றாகவே இழுப்பறையில் வைத்தாள்.

காலையில் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, பலகாரத்துக்கு நேரமாகிவிட்டதென்று அரக்கப்பரக்கக் குளித்து இறங்கினாள். சாப்பாட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தில் இன்னும் அரை மணிக்கு மேல் பாக்கி. முதல் நாள் தம்பி அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மூன்று வாட்ச்சுக்கும் நேரம் வைத்தான். ஒரே ராத்திரியில் இது இத்தனை தூரம் ஓடியிருக்கிறது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காந்தத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் கத்தரிக்கோலும் காந்தமாகிப் போகும், அப்புறம் துணி வெட்டப் போனால் ஊசியை இழுத்துக்கொண்டு வரும். எத்தனை கத்தரிக்கோலுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். வாட்ச்சுக்குள் இருப்பதும் இரும்புதானே.

சொல்லிவிடலாம் என்று தம்பி அறைக் கதவு வரைக்கும் போனாள். உள்ளே பொண்டாட்டியின் குரல். "படிச்சவன்ங்க அவன். அண்ணி நல்லவங்கதான், ஆனா பெரிய பொறுப்பெல்லாம்..." தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே இறங்கியது.

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, வாட்ச்சின் பக்கவாட்டுத் திருகைத் திருகினாள். நாலைந்து சுற்றுச் சுற்றியதும் அது துள்ளி வெளியே வந்தது. இழுத்தாள், முள்ளை நகர்த்தி நேரத்தைச் சரி செய்தாள், அழுத்தினாள். உள்ளே போயிற்று. அப்பாடா என்றிருந்தது. பத்து மணிக்குப் பார்த்தால் மறுபடி ஓட்டம். அன்றிலிருந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி இரண்டு மணிக்கொரு தரம் குளியலறைக்குப் போனாள். "அண்ணிக்கு வயித்துக்கு ஆகலையா?" என்று பொண்டாட்டி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். டேப் அக்கா அதை வாங்கி விழுங்கினாள். வேறென்ன செய்ய?

அடுத்த நாள் காலை, பலகார மேசை. தம்பி செய்தித்தாளில் இருந்தான்.

"மணி என்ன அண்ணி?"

வாட்ச் எட்டரை என்றது. அவள் அதைச் சரிசெய்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எட்டரையா, எட்டு இருபதா, எது சரி என்று அவளுக்கே தெரியாது. தம்பியின் இரண்டு கையிலும் இரண்டு வாட்ச், மேசைமேல். அவன் ஒரு தரம் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் முடிந்தது கதை.

"எட்டே கால், எட்டரை இருக்கும்மா."

"அவ்வளவு விலை போட்டு வாங்கின வாட்ச்சைப் பாத்துட்டு, இருக்கும்னா சொல்றீங்க?" என்று பொண்டாட்டி சிரித்தாள். தம்பியும் சிரித்தான், தாளைப் புரட்டினான்.

அதற்கும் மறுநாள் படகுப் பயணம். கடலடியில் மீன் பார்க்கக் கூட்டிப்போகிற படகு. தம்பி தன் இரண்டு வாட்ச்சையும் கழற்றிப் பொண்டாட்டி பையில் போட்டுவிட்டு, அக்காவிடம் கை நீட்டினான்.

"அதைக் குடுக்கா. இதுதான் தண்ணிக்குள்ள போற வாட்ச். எவ்வளவு ஆழம் போனாலும் ஒண்ணும் ஆகாது."

கழற்றிக் கொடுக்கும்போதுதான் அவள் அந்தத் திருகைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். விமான நிலையத்தில் வாங்கியபோது அது உடம்போடு உடம்பாக ஒட்டிக் கிடந்தது. இப்போது வெளியே நின்றது. ஒரு நூல். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. வந்தது சுற்றிக்கொண்டுதானே வந்தது, அழுத்தினால் மட்டும் போதுமா என்று மனசு கேட்டது. இரு, அதில் என்னமோ சரியில்லை என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் திருகினாய் என்பான், ஏன் ஓடியது என்பான், எப்போதிலிருந்து என்பான். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் தையல் பூராவும் பிரிந்து வரும். அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பி வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தான்.

படகு ஆடிக்கொண்டே இருந்தது. பொண்டாட்டி முகத்துக்குக் களிம்பு பூசினாள், படம் எடுத்தாள். டேப் அக்கா குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகியிருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

தம்பி மேலே வந்தான், முகமூடியைக் கழற்றினான், சிரித்துக்கொண்டே கையைத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே நின்றது. கண்ணாடிக்கு உள்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர். முள் நின்றுவிட்டிருந்தது.

அவன் திருகைத் தொட்டுப் பார்த்தான். "அட, பூட்டாமலே குதிச்சிருக்கேன். அழுத்தித் திருகணும் இதை. வந்த அன்னைக்கு நேரம் வெச்சப்போ நான்தான் அரைகுறையா விட்டிருப்பேன்."

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பொண்டாட்டி அவனை உண்டு இல்லை என்று ஆக்கினாள். அத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் நிமிர்ந்து, "சரி, விடு. என் லட்சணம் தெரிஞ்சுபோச்சு இல்ல?" என்றான். "மூணு நாள் அக்கா கைல இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. என் கைக்கு வந்து அரை மணி நேரம், காலி. அதனாலதான் சொல்றேன், கூடத்துச் சாவி அக்காகிட்டதான். இனி பேச்சே வேண்டாம்."

பொண்டாட்டி தட்டைத் தள்ளி வைத்தாள். டேப் அக்கா கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. வெட்டுமேசையும் ஜன்னலும் கண்முன்னால் வந்து நின்றன. உப்புத் தண்ணீர் புகுந்த வாட்ச்சில் இனி யார் காந்தத்தைத் தேடப் போகிறார்கள்? அடியில் ஒட்டுத்துணி வைத்துப் பொத்தியாயிற்று, மேலே பார்த்தால் சட்டை புதுச்சட்டை. "சரிடா தம்பி," என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தன்னையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் தம்பி மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டேப் அக்கா எதிரே போய் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த காந்தப் பட்டையை அவன் டீத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். டீக்கரண்டி நகர்ந்து போய் அதில் ஒட்டிக்கொண்டது.

"உன் வாட்ச்சைக் கெடுத்தது இது," என்றாள். "தண்ணிக்குள்ள விட்டது நான்." முதல் நாள் கவுனிலிருந்து படகு வரைக்கும், குளியலறை, மாத்திரை, ஒரு நூல், ஒன்று விடாமல் சொன்னாள்.

"குதிக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"சந்தேகமா இருந்துச்சு. சொல்லல."

கோபம் வந்தால் தம்பிக்குக் காது மடல் சிவக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படி. இப்போது சிவந்தது. எழுந்து தண்ணீர் வரைக்கும் போனான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், திரும்பி வந்தான்.

"நேத்து அவ என்னை அத்தனை பேச்சுப் பேசினாளே, பாத்துட்டுத்தானே உக்காந்திருந்தே?"

"ஆமாடா."

"உன் கூடத்துல ஒருத்தி இப்படிப் பண்ணியிருந்தா நீ என்ன பண்ணுவே?"

அவனுக்குக் காஜாக்காரி கதை தெரியும். அன்றைக்கு அக்காவே பெருமையாக வந்து சொன்னதுதான்.

"நிறுத்துவேன்," என்றாள் டேப் அக்கா. "நிறுத்திடணும்."

"சரி. நிறுத்தியாச்சு."

அவள் பட்டையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். ஜன்னலோர வெட்டுமேசையை யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"உக்காருக்கா. உன் சட்டப்படி நீ உன்னையே நிறுத்தினே, முடிஞ்சுபோச்சு. இப்ப நான் ஆள் எடுக்கறேன்." அவன் காது இன்னும் சிவந்துதான் இருந்தது. "சாவி உனக்குத்தான். ஆனா அங்க உன் சட்டம் செல்லாது. தப்பை மறைச்சவங்களை அன்னைக்கே வெளிய தள்ளக் கூடாது."

"பின்ன?"

"பயந்துபோயி இருந்துட்டு வாயைத் திறக்க உனக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள்."

"அவங்களுக்கும் மூணு நாள் குடு."

டேப் அக்கா பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காஜாக்காரிக்கு அவள் சாப்பாட்டு மணி வரைக்கும்கூடக் கொடுக்கவில்லை.