ஜெபக்கனி சொல்லாதது

என் தங்கை ஜெபக்கனி கிராம சுகாதார செவிலியர். நாரணாபுரத்துப் பக்கம் ஆறு ஊர்கள் அவள் பொறுப்பு. அந்த ஆறு ஊரிலும் எந்த வீட்டுக் குழந்தைக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி என்பதை நோட்டைத் திறக்காமல் சொல்லுவாள். நான் எட்டாம் வகுப்போடு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். பெட்டி மடிப்பதும் லேபிள் ஒட்டுவதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. லேபிள் ஒரு நூல் கோணினாலும் பிரித்து மறுபடி ஒட்டுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். பார்த்ததையும் என் காதால் கேட்டதையும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை.

ஜெபக்கனி குள்ளம். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, நுனிவிரல்தான் படும். பின்சீட்டில் மருந்துக் குப்பிகள் இருக்கும் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் தெருவுக்குள் வந்தால் குழந்தைகள் ஓடி ஒளியும். பெரியவர்கள் சிலரும் ஒளிவார்கள். அவள் போகும் மிஷன் கோயிலில் பாடகர் குழுவிலும் இருக்கிறாள். சுருதி சேராது. ஆனால் சத்தம் குறையாது.

நாங்கள் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்றாலும் இப்போது இரண்டு சபை. அவள் பழைய மிஷன் கோயிலிலேயே இருக்கிறாள். அங்கே ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலேயே தடுப்பூசி முகாம் தேதியை வாசிப்பார்கள். நான் கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு எங்கள் காலனி ஜெப வீட்டுக்குப் போகிறேன். அங்கே மேசையில் மாத்திரை அட்டை கிடந்தாலே விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பாஸ்டர் செந்தூர்பாண்டி முன்பு லோடு ஏற்றும் வேலை பார்த்தவர். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலை முற்றி, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். ஜெபத்தில் பிழைத்தேன் என்று சொல்லுவார். பிழைத்து எழுந்து ஊழியத்துக்கு வந்தவர் அன்றிலிருந்து ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. அவர் பொய் சொல்லுகிற ஆளும் இல்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய்த் தலையில் கை வைத்து ஜெபிக்கிறவர் அவர்தான்.

ஜெபக்கனியின் கவலையே அதுதான். 2021 மே மாதம் கொரோனாவில் எங்கள் சபைப் பிரபாகரன் இறந்தபோது அடக்கத்துக்கு நான்கு பேர்தான் போனோம். அதில் அவளும் பாஸ்டரும் இருந்தார்கள். திரும்பி வரும் வழியில் சொன்னாள்.

“யக்கா, பாஸ்டருக்கு அறுபத்துநாலு வயசு. வீடு வீடாப் போயி சீக்காளி தலையில கை வைக்காரு. ஜெப வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேல நாப்பத்தொரு பேரு. உன்னத் தவிர ஒருத்தரும் ஊசி போடல. இவரு போட்டாத்தான் அவுக போடுவாக.”

நான் கம்பெனியில் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டால்தான் வேலைக்கு விடுவோம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். சபையில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் காலனி அங்கன்வாடியில் முகாம் போட்டாள். பெயர் எழுதிக் கொடுக்க நான் லீவு போட்டுப் போனேன். பதினொரு மணி வரை வந்தவர்கள் எல்லாரும் மிஷன் கோயில் தெருக்காரர்கள். ஜெப வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லை. அப்போது பாஸ்டரம்மா சண்முகத்தாய் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, பளிச்சென்று இருந்தார்கள்.

“வாங்க பாஸ்டரம்மா! பாஸ்டருக்குத் தெரியுமா?” என்றாள் ஜெபக்கனி.

“அவுக திருத்தங்கலுக்கு ஜெபத்துக்குப் போயிருக்காக. பஸ்ஸு வாரதுக்குள்ள குத்து.”

“சாப்பிட்டீகளா?”

“ஆச்சு.”

“என்ன சாப்பிட்டீக?”

“ஆச்சுன்னா விடேன் புள்ள. ஊசி போட வந்தியா, சமையல் படிக்க வந்தியா?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெபக்கனியும் சிரித்துக்கொண்டே ஊசி போட்டாள். அரைமணி நேரம் உட்காரச் சொன்னாள். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். ஏழாவது நிமிஷம் அப்படியே என் தோளில் சாய்ந்து தரைக்குச் சரிந்தார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஜெபக்கனிக்கு எல்லாம் ஓடியது. படுக்க வைத்தாள். காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள். விரலில் குத்தி மெஷினில் பார்த்தாள். ஐம்பத்துநாலு என்று காட்டியது. அது சர்க்கரை அளவு என்பது மட்டும் எனக்குத் தெரியும், அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரியாது. பாஸ்டரம்மா கண் விழித்ததும் எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். கதவைத் திறந்தபோது பாஸ்டரம்மா சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி ஒன்றும் நடக்காதது போல அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

பட்டாசுக் கம்பெனிகளில் வேலைக்குள் போகும்போது போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஐந்தரைக்குத்தான் திருப்பித் தருவார்கள். அன்று ஐந்தரைக்கு எங்கள் சபை ஆட்கள் போனை வாங்கித் திறந்தால், காலையிலிருந்து ஆறு குரல் செய்திகள் வரிசையாக இருந்திருக்கின்றன. முதல் செய்தியில் பாஸ்டரம்மாவுக்கு மயக்கம். மூன்றாவதில் பேச்சு மூச்சு இல்லை. ஆறாவதில் அடக்கம் எப்போது என்று கேள்வி.

ஆலங்குளத்திலிருந்து பாஸ்டரம்மாவின் தம்பி வேன் பிடித்து ஒன்பது பேரோடு வந்து இறங்கினார், கையில் மாலையுடன். பாஸ்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்குலே மாலை?”

“இல்லக்கா, அது சும்மா… வார வழியில…”

“சம்பங்கியா? ஒரே அக்காளுக்கு ரோசாப்பூ கெடைக்கலையா ஒனக்கு?”

வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. பாஸ்டரம்மாவைப் பார்க்க ஜெபக்கனி வந்திருந்தாள். எல்லார் முன்னாலும் அவளிடம் கேட்டார்.

“ஒங்க மருந்த நம்பி வந்தவள என்ன பண்ணி வச்சிருக்கீக பாத்தீகளா?”

“பாஸ்டர், இது மருந்தால வந்ததில்ல.”

“அப்ப எதுனால வந்துச்சு?”

“அத நான் சொல்ல முடியாது.”

“ஒங்களுக்கே தெரியல. அன்னைக்கு எனக்கு நாள் குறிச்ச டாக்டர்மாருக்கும் இப்படித்தான் ஒண்ணும் தெரியல.”

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டு பாஸ்டரம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பாஸ்டரம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள்.

வெள்ளியும் சனியும் அவளுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. ஜெப வீட்டார் மட்டும் இல்லை, கோயில் தெருவிலும் தயங்கினார்கள். அருணாதேவி என்கிற பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து, “வீட்டுல யாருமில்ல நர்சம்மா!” என்று கத்தினாள்.

“சரி, யாருமில்லாத அந்த ஆளு நாளைக்கு இருப்பாகளான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள் ஜெபக்கனி. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏ புள்ள, அந்தம்மா எதுக்கு விழுந்தாகன்னு ஒனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“சொல்லித் தொலையேன். பதினாறு வருசமா சம்பாரிச்ச பேரு ரெண்டு நாள்ல போயிட்டிருக்கு.”

“ஆபீசுக்கு எழுத வேண்டியத எழுதிட்டேன் யக்கா. ஊருக்கு அவுகதான் சொல்லணும்.”

“அவுக சொல்லலைன்னா?”

“சொல்லலைன்னா சொல்லல. புருசன் அடிச்சவ, பிள்ளை தங்காதவ, அம்புட்டுப் பேரும் எங்கிட்ட வந்து சொல்றாக. ஒண்ண நான் வெளிய விட்டா நாளைக்கு எவ வருவா?”

பிறகு வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். அரைக் கிலோ உரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெங்காயம் என்றாள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் ஜெப வீட்டில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் தனக்கு நடந்த நன்மையை யாரும் எழுந்து சொல்லலாம். பாஸ்டர் எழுந்து, “இந்த வாரம் கர்த்தர் என் மனைவியைச் சாவுக்குத் தப்புவித்தார். அவளே சாட்சி சொல்லுவாள்” என்றார். ஊசிக்கு எதிராகச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார்.

பாஸ்டரம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்கள்.

“நான் பொய் சொல்லிட்டேன். நர்சு சாப்பிட்டீகளான்னு கேட்டா. ஆச்சுன்னேன். அன்னைக்கு வரைக்கும் மூணு நாளா நான் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல.”

எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. உபவாசம் இருப்பதை வெளியே காட்டக்கூடாது என்பது எங்கள் சபைப் பழக்கம். இருக்கிறவர்கள் எண்ணெய் வைத்து முகம் கழுவி, சாப்பிட்டவர்கள் போலத்தான் நடமாடுவோம். யாராவது கேட்டால் ஆச்சு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பவுடர் பூசி அவர்கள் வந்தபோது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பாஸ்டர், “மூணு நாளா? எனக்குத் தெரியாதே?” என்றார்.

“எப்படித் தெரியும்? எதுத்தாப்புல உக்காந்து மூணு நாளும் நல்லாத்தான் சாப்பிட்டீக. புளிக்கொழம்புல உப்பு கம்மின்னீக. நீ சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டீகளா?”

பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார்கள்.

“எதுக்கு இருந்தே?” என்றார் பாஸ்டர், குரல் இறங்கி.

“ஊசி போடலாமா வேணாமான்னு கேட்டுத்தான் இருந்தேன். மூணாம் நாள் காலையில மனசுல சமாதானம் வந்துச்சு. எந்திரிச்சுப் போனேன்.”

பின்னாலிருந்து பலவேசம் அண்ணன் எழுந்தார். சபையில் எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவர். “சமாதானம் வந்துச்சுன்னா ஏன் விழுந்தீக?”

“பசியில விழுந்தேன்யா! நீரு மூணு நாள் இருந்து பாரும், எங்கன விழுறீருன்னு நாங்க பாக்கோம்.”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பாஸ்டர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

“நர்சுக்கு இது தெரியுமா?”

“கண்ணு முழிச்சதும் அவகிட்டத்தான் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதன்னேன்.”

“நான் அம்புட்டுப் பேசும்போதும் வாயத் திறக்கலியே.”

“திறக்கல. நான்தான் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பாஸ்டரம்மா அழுதுவிட்டார்கள்.

அன்று முடிவு ஜெபம் நான்கு நிமிஷம்தான். வழக்கமாக இருபது நிமிஷத்துக்குக் குறையாது.

திங்கட்கிழமை பாஸ்டர் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று ஜெபக்கனி எனக்குச் சொல்லவில்லை. பாஸ்டரே பிறகு சபையில் சொன்னதால் எழுதுகிறேன். “நான் அவ புருசன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டாராம். “நாளைக்கு நீங்க எங்கிட்ட ஒண்ணு சொல்லுவீக. அது என்னன்னு பாஸ்டரம்மா வந்து கேப்பாக. நான் சொல்லட்டுமா?” என்றாளாம். “ஊசியைப் பற்றி எனக்கு இப்பவும் சந்தேகம் உண்டு. அந்தப் பொண்ணைப் பற்றிச் சந்தேகம் இல்லை” என்று பாஸ்டர் சபையில் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி முகாம். பாஸ்டர் எட்டே முக்காலுக்கு வந்து அங்கன்வாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்.

“என்ன சாப்பிட்டே?”

“இட்லி, பாஸ்டர்.”

“எத்தன?”

“ரெண்டு.”

“ரெண்டு காணாது. போயி இன்னும் ரெண்டு தின்னுட்டு வா.”

கடைசியில் அவர் முறை வந்தது. முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஜெபித்துவிட்டுத்தான் போடவேண்டும் என்றார்.

“தாராளமா ஜெபிங்க. ஆனா சுருக்கமா. குப்பி திறந்து மூணு மணி நேரம் ஆச்சு. நாலு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது” என்றாள்.

நீலப் பெட்டியின் மேல் கை வைத்து இரண்டு வரி ஜெபித்தார். ஆமென் சொல்லும்போது குத்தினாள்.

“இப்பவும் சொல்றேன், காப்பாத்துறது கர்த்தர்தான்.”

“நானும் அதத்தான் சொல்றேன் பாஸ்டர். அரைமணி நேரம் எந்திரிக்கப்படாது.”

நாற்பத்தொரு பேரில் அன்று இருபத்தேழு பேர் போட்டுக்கொண்டார்கள். என்னையும் பாஸ்டரம்மாவையும் சேர்த்தால் இருபத்தொன்பது. மீதிப் பன்னிரண்டு பேர் போடவில்லை. இன்றுவரை ஞாயிறு சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு கட்சியும் வாதாடிக்கொண்டேதான் சாப்பிடுகின்றன.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. எங்கள் ஜெப வீட்டுப் பெண்கள் இப்போது புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்துக்கு ஜெபக்கனியைத் தேடிப் போகிறார்கள். போன மாதம் பலவேசம் அண்ணனே போனார். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. நாற்பது நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

“பலவேசண்ணன் எதுக்கு வந்தாரு?” என்று கேட்டேன்.

தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள். “கத்திரிக்காயா யக்கா? நல்லா வந்திருக்கு” என்றாள்.