டிகிரிக்கு என்ன விலை

கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தவன் நான். போடியில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னமும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். ஜெயித்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தேன், அந்தக் கிண்டலுக்கு நான்தான் காரணம்.

குரங்கணிக்கு மேலே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காயைப் பறித்து, உலர்த்தி, மூட்டை பிடித்து ஜீப்பில் இறக்கினால் நேராகப் போடியில் ஒரு வியாபாரியின் குடோனுக்குப் போகும். விலை ஏறும்வரை காய் அவரிடமே கிடக்கும். ஏறியதும் விற்றுப் பணம் தருவார். எல்லோரும் அப்படித்தான் போட்டு வைத்தோம். பில் கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும், அதனால் ஒரு துண்டுச் சீட்டோடு சரி. விலை கண்டபடி ஏறிய ஒரு வருடம் அவர் எங்கள் மூட்டைகளை விற்றார், பணத்தை வேறு எதிலோ போட்டுக் கரைத்தார், எங்களிடம் கையை விரித்தார்.

உரத்துக்கும் கூலிக்கும் பணம் வேண்டுமே. ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினேன். துண்டுச் சீட்டை வைத்து வழக்கும் போட்டேன். வியாபாரி எனக்கு வட்டியோடு பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு வரச் சில வருடங்கள் ஆயின. அந்தத் தீர்ப்பை இங்கே டிகிரி என்போம். டிகிரி வந்தால் பணம் வந்த மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். "இனிமேத்தான் சோலியே ஆரம்பம்" என்றார் வக்கீல். சொத்தைக் காட்ட வேண்டும், மனுப் போட வேண்டும், கோர்ட்டு அமீனா ஜப்திக்குப் போக வேண்டும், போகிற நாளில் அங்கே ஜப்தி செய்ய ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். கோர்ட்டு நியாயத்தை எனக்குக் கொடுத்துவிட்டு வசூலையும் என் தலையிலேயே கட்டிவிட்டது.

அப்போதுதான் எனக்குக் கடன் கொடுத்தவர் ஒரு யோசனை சொன்னார். வட்டித் தொழிலோடு டிகிரி வாங்குவதும் அவருக்கு ஒரு தொழில். என்னைவிட இளையவர், அதிர்ந்து பேச மாட்டார்.

"அண்ணே, அந்த டிகிரிய எம்பேருக்கு மாத்தி மேடோவர் எழுதிக் குடுத்துருங்க. உங்க கடன் தீந்துச்சு. பத்திரத்தக் கையோட கொண்டாந்து தர்றேன்."

டிகிரித் தொகை என் கடனைவிட அதிகம்தான். இருந்தாலும் தோட்டம் திரும்பி வருகிறதே! எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்காமல் கேட்டேன். "என்னால வாங்க முடியாதத நீங்க எப்படித் தம்பி வாங்குவீங்க?"

அவர் பொறுமையாகச் சொன்னார். டிகிரியில் எழுதியிருக்கும் தொகைக்கும் அதன் விலைக்கும் சம்பந்தமே இல்லையாம். சொத்து யார் பெயரில் இருக்கிறது, அப்பீல் போயிருக்கிறதா, தீர்ப்பு எவ்வளவு பழசு என்றெல்லாம் பார்ப்பாராம்.

"அதெல்லாம் அப்புறம்ணே. ஆளுக்கு வெக்கப்படுறதுக்கு ஏதாச்சும் இருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன். அவரு மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். சம்பந்தி கம்பத்துக்காரங்க, மானம் பாக்குற குடும்பம். பந்தக்கால் நட்ட பெறகு நான் அமீனாவோட வாசல்ல போயி நின்னா, நகைய வித்தாச்சும் குடுத்துருவாரு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். தோட்டம் வருகிறது என்றதும் முகம் மலர்ந்தவள், அமீனா என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பந்தல் போட்ட வீட்டுக்கு அமீனாவ அனுப்புறதா? அந்தப் புள்ள நம்ம புள்ளையோட ஒண்ணாப் படிச்சது. அது என்ன பண்ணுச்சு?"

"நாம அனுப்பலயே. அவருதான போறாரு."

"போவாருன்னு தெரிஞ்சுதான விக்கிறோம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நம் மூட்டையை விற்றபோது அந்த ஆள் நம் பிள்ளையை நினைத்தானா என்று கத்தினேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் பக்கம் கல்யாண வீடு என்றால் பகையாளிகூட வாசலில் நின்று சண்டை போட மாட்டான், முகூர்த்தம் முடியட்டும் என்று திரும்பிவிடுவான். எனக்கும் அது தெரியாததில்லை. கல்யாணம் முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று கடன் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். "அப்ப இந்த வெலை இருக்காதுண்ணே" என்றார். பேரம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வியாபாரி செய்த மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் கேவலம் எங்களுக்குத்தான். என் பணத்தை ஏப்பம் விட்டவர் வீட்டில் வரிசையில் நின்று மொய் எழுதினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

கல்யாணச் சந்தடி அடங்கியதும் டிகிரியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடன் கொடுத்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வீடு, குடோனு ரெண்டையும் மக பேருக்கு எழுதி வச்சுட்டாருண்ணே. அத எதுத்துத் தனியாக் கேஸ் போடணும், அது ஒரு காலம் ஓடும். புள்ளையும் புருசன் வீட்டுக்குப் போயிருச்சு. இனிமே அவரு யாருக்குப் பயப்படணும்?"

பிறகு ஒரு தொகை சொன்னார். என் வக்கீல் செலவுக்குக்கூடக் காணாது. அதே காகிதம், அதே முத்திரை, அதே ஜட்ஜின் கையெழுத்து. நடுவில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது, அவ்வளவுதான். நான் விற்கவில்லை, அது இன்னும் பீரோவில் கிடக்கிறது.

வட்டி ஏறியது. மழை பிந்தி, காயும் சரியாகப் பிடிக்கவில்லை. தோட்டத்தை எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்டபோதெல்லாம், அடுத்த பறிப்பு வரட்டும் என்று தட்டிக்கழித்தேன். அந்தச் சரிவை விட்டால் எங்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

எங்கள் மகளுக்குச் சின்னமனூரில் இடம் அமைந்தது. நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், வெள்ளைச் சட்டையும் பழப் பையுமாகக் கடன் கொடுத்தவர் வந்தார். நாங்கள் அழைக்கவில்லை. நேராகப் போய்ச் சம்பந்தியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ்சு சௌகரியமாகக் கிடைத்ததா என்று விசாரித்தார். மனைவி கொடுத்த காபியை வாங்கிக் குடித்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இவரு யாருங்க?" என்று சம்பந்தி என்னைக் கேட்டார்.

"நமக்கு வேண்டியவருங்க" என்றேன். அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி இது?"

"நல்ல காரியம்ணே. சும்மா தலையக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"திங்கக்கெழம பத்திர ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுத்துர்றேன்."

"சரிண்ணே. வெரசா வந்துருங்க, கூட்டமாயிரும்" என்றவர், பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

திரும்பினால், தட்டை வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். "தோட்டத்தக் குடுத்துட்டேன்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலையைச் சரியாக அடுக்கி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சிரித்த முகத்தோடு போனாள்.